தொந்திக் கரடியின் வலது கை

காலை ஏழே முக்காலுக்கு ஆடை அறையின் கதவைத் தட்டும்போது அவருடைய தலை தானாகவே குனிந்துவிடும். பதினோரு வருடமாக இப்படித்தான்.

உள்ளே அக்கா உட்கார்ந்திருப்பாள். கூடப் பிறந்த அக்கா இல்லை. வயதில் நாலு வருடம் மூத்தவள், அதனால் அக்கா. அவள் மடியில் தொந்திக் கரடி கிடக்கும். அகலப் பல் சீப்பால் அதன் காது முடியை வாரி, மூக்கைத் துடைத்து, வயிற்றுப் பஞ்சைத் தட்டிச் சமன் செய்து, "இந்தா" என்று நீட்டுவாள்.

"தாங்க்ஸ்க்கா" என்று வாங்கிக்கொண்டு அவர் திரும்பிப் பார்க்காமல் நடந்துவிடுவார். அந்த அறையிலிருந்து படப்பிடிப்புத் தளத்துக்கு நாற்பத்தாறு அடி. அதற்குள் அவர் பெரியதொரு குற்றவாளியிலிருந்து நாடே கொஞ்சும் கரடியாக மாறியாக வேண்டும்.

தொந்தியைத் தெரியாத வீடு உண்டா? இருபத்தெட்டு வருடமாகத் தினமும் காலை எட்டரைக்குத் தொலைக்காட்சியில் வந்து, பள்ளிக்கூடம் போகும் வயது வராத வாண்டுகளுக்கு ஒன்று இரண்டு சொல்லிக்கொடுக்கிற பழுப்பு நிறக் கரடி. கை கழுவு என்னும், வரிசையில் நில் என்னும், அடுத்தவர் பொம்மையைப் பிடுங்காதே என்னும். எல்லாவற்றுக்கும் மேலாக, தப்பு செய்தால் ஒப்புக்கொள் என்னும். இத்தனை வருடத்தில் தொந்தி நானூறு தடவையாவது "சாரி" சொல்லியிருக்கும்.

அந்தக் கரடியின் வாய் இவர்தான். தளத்தில் அவருக்குப் பெயரே வாய்க்காரர். முதலில் அங்கே பலகைகளுக்குச் சாயம் அடிக்க வந்தவர். ஒரு நாள் பொம்மை ஆட்டுகிறவர் வராமல் போக, விளையாட்டாகக் கையை நுழைத்துத் தொண்டையைக் கனைத்தார். எங்கிருந்தோ ஒரு கனத்த, கதகதப்பான குரல் வந்தது. சாயத் தூரிகையை அன்றைக்குக் கீழே வைத்தவர், பிறகு எடுக்கவில்லை. அவருடைய சொந்தக் குரலோ கிழிந்த காகிதம் மாதிரி. கடையில் ரெண்டு தடவை கேட்டால்தான் சாமான் கிடைக்கும். வீட்டில் கடுகு தாளிக்கிற சத்தத்தில் அவர் பேச்சு காணாமல் போய்விடும்.

ஆனால் வாய் மட்டும் இருந்தால் கரடி ஆகிவிடுமா? தொந்தி பெரிய பொம்மை. வாய்க்காரரின் வலது கை அதன் தலைக்குள் இருக்கும், இடது கை அதன் இடது கைக்குள். கரடியின் வலது கைக்கு வேறொருவர் வேண்டும். மேசைக்கு அடியில், சக்கரம் வைத்த குட்டை முக்காலியில், அவர் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்து கையை மேலே நீட்ட வேண்டும். அதுதான் அக்கா. பதினாறு வருடம் கரடியின் வலது கை அவள்தான். இருவரும் ஒன்றாக மூச்சு இழுத்து ஒன்றாக விடுவார்கள். அப்போது கரடியின் தோளும் வயிறும் சேர்ந்து ஏறி இறங்கும். பார்க்கிற பிள்ளைகளுக்கு அது உயிருள்ள கரடி.

அந்த மேசைக்கடியில் ஒரு சட்டம் உண்டு. தளத்தில் குழந்தை இருக்கும்வரை கையை எடுக்கக் கூடாது. விளக்கு அணைந்தாலும் சரி, கேமரா நின்றாலும் சரி, தோள்பட்டை கழன்று விழுந்தாலும் சரி. கடைசிக் குழந்தை கதவைத் தாண்டிய பிறகுதான் கரடி "தூங்கும்".

பதினோரு வருடத்துக்கு முன்னால் அந்தச் சட்டத்தை ஒருவர் மீறினார்.

அன்று சிவப்புச் செருப்புப் போட்ட ஒரு சிறுமி, காணாமல் போன தன் நாய்க்குட்டியைப் பற்றித் தொந்தியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். சொல்லி முடிப்பதாக இல்லை. வாய்க்காரரின் கை நாற்பது நிமிடமாக மேலேயே இருந்தது. விரல்கள் மரத்துப்போய் யாருடைய விரல்களோ போலாகிவிட்டன. காதுக் கருவியில் "கட்" என்று கேட்டதுதான் தாமதம், இரண்டு கைகளையும் படக்கென்று உருவிவிட்டார்.

சிறுமி இன்னும் கரடியின் கையைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தாள்.

அவள் கண்ணெதிரில் தொந்தி முகம் குப்புற விழுந்தது. "தொந்தி செத்துப் போச்சு!" என்று அவள் போட்ட அலறலைக் கேட்டு வெளியே நின்ற டிரைவர்கள்கூட ஓடி வந்தார்கள். அந்தக் குழந்தை மூன்று வாரம் யாரிடமும் வாய் திறந்து பேசவில்லையாம். அதன் தாய் வந்து தயாரிப்பாளர் மேடத்தின் அறையில் நின்று அழுதாள்.

மேடம் இருவரையும் கூப்பிட்டுக் கேட்டார். "யாரு கையை எடுத்தது?"

வாய்க்காரருக்குக் கரடிதான் நினைவுக்கு வந்தது. கரடி கையை விட்டுப் போனால் தனக்கு என்ன இருக்கிறது? மறுபடியும் சாயத் தூரிகையா? அந்த ஒரு நொடியில், தன் கிழிந்த குரலில், அவர் ஒரு வாக்கியம் சொன்னார்.

"வலது பக்கத்துலேர்ந்து ஒரு இழுப்பு வந்துச்சு மேடம்."

அவ்வளவுதான். அக்கா திரும்பி அவரைப் பார்த்தாள். மேடத்தைப் பார்க்கவே இல்லை. ஒரு வார்த்தை பேசவும் இல்லை. மறுநாளிலிருந்து அவள் ஆடை அறைக்குப் போனாள். குழந்தைகள் இருக்கும் தளத்தில் இவளை அனுமதிக்கக் கூடாது என்று அவளுடைய கோப்பில் எழுதப்பட்டது. இருவரும் ஒரே கரடிக்குள் மூச்சு விட்ட காலம் அத்தோடு முடிந்தது.

சொல்லிவிடலாம், நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்தே ஒரு வாரம் போயிற்று. ஒரு மாதம் போயிற்று. மனிதனுடைய வெட்கம் இருக்கிறதே, அது ஆறப் போட்டால் ஆறுவதில்லை, இறுகிப் போகிறது.

இப்படியிருக்க, ஒரு திங்கட்கிழமை காலையில், அக்காவுக்குப் பதிலாக வந்த வலது கைக்காரர் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது வழுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். அன்று பத்து மணிக்கு ஒரு மழலைப் பள்ளியிலிருந்து பன்னிரண்டு குழந்தைகள் வருவதாக இருந்தது. அவர்களில் ஒருத்தி வாய்க்காரரின் பேத்தி.

பேத்திக்குத் தாத்தாதான் தொந்தி என்று தெரியாது. பொம்மை ஆட்டுகிறவர்கள் வீட்டில் அது ஒரு வழக்கம். ஆறு வயது ஆகும்வரை பிள்ளைகளிடம் சொல்ல மாட்டார்கள். "எங்க தாத்தா டிவி ஆபீஸ்ல பல்பு மாட்டுறவர்" என்றுதான் அவள் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள்.

மேடத்தின் அறையில் அவசரக் கூட்டம். இயக்குநர் கையைப் பிசைந்தார். "வலது கை தெரிஞ்சவங்க வேற யாரு இருக்காங்க மேடம்? ஆடை அறை அக்கா ஒருத்தர்தான்."

"அவங்களையா? குழந்தைங்க முன்னாடியா?" மேடம் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "அன்னைக்கு நடந்தது மறந்துபோச்சா? அந்தப் பொண்ணோட அம்மா அழுதது இன்னும் என் காதுல இருக்கு."

வாய்க்காரர் சுவரோரம் நின்றுகொண்டிருந்தார். இதோ, இப்போது சொல்லலாம். ஒரே வாக்கியம். வாயைத் திறந்தார். கிழிந்த குரல் வெளியே வருவதற்குள் மேடம் முடிவெடுத்துவிட்டார்.

"சரி, இன்னைக்கு ஒரு நாள் மட்டும். நீங்க பக்கத்துலயே இருந்து அவங்களைக் கவனிச்சுக்கங்க. இழுத்துறாமப் பார்த்துக்கங்க."

"சரிங்க மேடம்" என்றார் அவர்.

சரிங்க மேடமாம்! பதினோரு வருடத்துக்கு முந்தைய பாவத்தோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது.

மேசைக்கடியில் அக்கா வந்து முக்காலியில் உட்கார்ந்தபோது அவருடைய தோளில் அவள் தோள் இடித்தது. சீப்பில் ஒட்டிய எண்ணெயின் வாசனை. அவள் கரடியின் வலது கைக்குள் தன் கையை நுழைத்தாள். பழைய வீட்டின் பூட்டில் சாவி போவது போல அது அத்தனை சுலபமாகப் போயிற்று.

"முட்டியைக் கொஞ்சம் நகர்த்து தம்பி" என்றாள். அவ்வளவுதான் பேச்சு.

அன்றைய பாடம் என்ன தெரியுமா? தொந்தி, நிகழ்ச்சியின் இன்னொரு பொம்மையான முயலின் கோப்பையை உடைத்துவிட்டு மெத்தைக்கடியில் ஒளித்து வைக்கும், பிறகு ஒப்புக்கொள்ளும். எழுதியவருக்கு இந்த இரண்டு பேரைப் பற்றி ஒன்றும் தெரியாது. விதி அப்படி எழுதியது என்று வைத்துக்கொள்வோம்.

கதை முடிந்தது. குழந்தைகள் தொந்தியோடு பேசும் நேரம் வந்தது. இதற்கு வசனம் கிடையாது. ஒரே ஒரு விதிதான், குழந்தை நேராக ஒன்றைக் கேட்டால் கரடி பொய் சொல்லக் கூடாது. முதலில் ஒரு பையன், "உனக்குத் தொப்புள் இருக்கா?" என்று கேட்டான். கரடி தேடிப் பார்த்தது. எல்லோரும் சிரித்தார்கள். பிறகு மேசைக்கடியில் இருந்த சின்ன மானிட்டரில் ஒரு தெரிந்த முகம் வந்து நின்றது. முன்பல் விழுந்த முகம்.

"தொந்தி, நீ தப்பு செஞ்சிருக்கியா?" என்று கேட்டாள் பேத்தி.

"செஞ்சேனே! இப்பத்தான் கோப்பையை உடைச்சேன், பார்க்கலையா?"

"அது குட்டித் தப்பு. பெரிய தப்பு? யாருக்குமே தெரியாத தப்பு?"

கரடியின் வாய் திறந்தது, சத்தம் வரவில்லை.

அப்போதுதான் அது நடந்தது. கரடியின் வலது கை மெல்ல உயர்ந்தது. உயர்ந்து, கரடியின் வாயையே பொத்திக்கொண்டது.

குழந்தைகள் கொல்லென்று சிரித்தார்கள். "பிரமாதம்! அப்படியே வச்சுக்கங்க" என்று காதுக் கருவியில் இயக்குநர் குதித்தார். ஆனால் வாய்க்காரருக்கு அது விளையாட்டாகத் தெரியவில்லை. திரும்பிப் பார்த்தார். அக்காவின் கண் மானிட்டரில் இல்லை, அவர் மேல் இருந்தது. வேண்டாம் என்று தலையை அசைத்தாள்.

அவர் கேட்கவில்லை. கரடியின் இடது கையால் அந்த வலது கையைப் பிடித்து மெல்ல விலக்கினார்.

"செஞ்சிருக்கேன்" என்றது தொந்தி, அந்தக் கனத்த, கதகதப்பான குரலில். "ரொம்ப நாளைக்கு முன்னாடி நான் ஒரு தப்பு செஞ்சேன். ஆனா என் ஃப்ரெண்டுதான் செஞ்சாங்கன்னு சொல்லிட்டேன். எல்லாரும் அவங்களைத் திட்டினாங்க. நான் பேசாம இருந்துட்டேன்."

சிரிப்பு நின்றுவிட்டது.

"சாரி சொன்னியா?"

"இல்லை."

"ஏன்?"

"வெட்கமா இருந்துச்சு."

பேத்தி இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "நீதானே எங்களை எல்லாம் சொல்லச் சொல்றே? நீ மட்டும் சொல்லலையா?"

"ஆமா" என்றது கரடி. "நான் மட்டும் சொல்லலை."

கடைசிக் குழந்தை கதவைத் தாண்டும்வரை இருவரும் கையை எடுக்கவில்லை. பிறகு விளக்குகள் அணைந்தன. அவர் வேர்வையில் நனைந்து வெளியே வந்தபோது தளமே எழுந்து நின்று கைதட்டிக்கொண்டிருந்தது.

"அழ வச்சுட்டீங்களே மனுஷா!" என்று இயக்குநர் கட்டிக்கொண்டார். கேமராக்காரர் மூக்கைச் சிந்தினார். மேடமே மேலேயிருந்து இறங்கி வந்து, "எழுதி வச்சு நடிச்சாக்கூட இப்படி வராது" என்றார். அப்புறம் அக்கா பக்கம் திரும்பி, "நீங்களும் இன்னைக்கு ஒழுங்காப் பண்ணிட்டீங்க, சந்தோஷம். நாளைக்கு வேற ஆளுக்குச் சொல்லியிருக்கேன்" என்றார்.

தன் பாவத்தைச் சொல்லிக் கைதட்டல் வாங்கிய மனிதர் அந்த ஊரிலேயே இவர் ஒருவராகத்தான் இருப்பார். முதலில் அவருக்கு நெஞ்சில் பாரம் குறைந்த மாதிரிகூட இருந்தது. அந்தத் தெம்பில் அக்காவின் பின்னாலேயே ஆடை அறைக்குப் போனார்.

"அக்கா... சொல்லிட்டேன்க்கா."

அக்கா கரடியைக் கொக்கியில் மாட்டிக்கொண்டிருந்தாள். "யாரு சொன்னது?"

"நான்தான்..."

"நீ சொல்லலை. கரடி சொல்லுச்சு." சீப்பை எடுத்து முடியை உதறினாள். "கரடிக்கும் எனக்கும் ஒரு வம்பும் இல்லை தம்பி. பதினோரு வருஷமா அதுக்கு நான்தான் தலை வாரி விடுறேன். நீ அதுக்குள்ள போய் ஒளிஞ்சுக்குவேன்னு தெரிஞ்சுதான் வாயைப் பொத்தினேன்."

அவருக்கு நிற்கத் தரையில்லாமல் போயிற்று. "அன்னைக்கே நீங்க மேடம்கிட்டச் சொல்லியிருக்கலாமேக்கா" என்று முனகினார்.

"நான் சொன்னா அது புகார். நீயே சொல்லுவேன்னு பார்த்தேன். ஒரு வாரம் பார்த்தேன், ஒரு மாசம் பார்த்தேன். அப்புறம் காத்திருக்கிறதே பழக்கமாப் போச்சு." விளக்கை அணைத்தாள். "போ, வீட்டுக்குப் போ. பேத்தி காத்துட்டு இருப்பா."

பேத்தி வாசலிலேயே காத்திருந்தாள். செருப்பைக் கழற்றக்கூட விடவில்லை.

"தாத்தா! தொந்தி ஒரு தப்பு செஞ்சிருக்கு, தெரியுமா? ஃப்ரெண்டு மேல பழி போட்டிருக்கு!"

"அப்படியா?" என்றார்.

அவருடைய மனைவி உள்ளேயிருந்து, "வந்ததுலேர்ந்து இதே பாட்டுதான். சாப்பிடவும் இல்லை, சாப்பிட விடவும் இல்லை" என்றாள். அவளுக்கும் அந்தப் பதினோரு வருடக் கதை தெரியாது.

"நீதானே அங்க பல்பு மாட்டுறே?" பேத்தி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "நாளைக்குப் போனதும் அது சாரி சொல்லிடுச்சான்னு கேட்டுட்டு வா. சொல்லலைன்னா, என் பேத்தி இனிமே உன்னைப் பார்க்க மாட்டாளாம்னு சொல்லு."

"சின்னக் கரடிதானே பாப்பா, பாவம்..."

"பெரிய கரடி! தொந்தியைப் பாரு!"

மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே கை கழுவப் போனவர் குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் அங்கேயே நின்றார். அந்தக் குழந்தையின் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லையே, ஐயோ, அதைவிடவா ஒரு தண்டனை!

மறுநாள் ஏழே முக்காலுக்கு ஆடை அறைக் கதவைத் தட்டினார். அக்கா, "இந்தா" என்று கரடியை நீட்டினாள்.

"கரடி வேண்டாம்க்கா" என்றார். "நீங்க வாங்க."

அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். சீப்பைக் கீழே வைத்தாள்.

எட்டு மணிக்குப் பெரிய மேசையைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்து அன்றைய வசனத்தைப் படிப்பது வழக்கம். மேடம், இயக்குநர், எழுதுகிறவர், பாட்டுக்காரர், கேமராக்காரர்கள், எல்லோரும் இருந்தார்கள். அக்கா உள்ளே வராமல் வாசற்படியில் நின்றுகொண்டாள். வாய்க்காரர் எழுந்து நின்று ஏதோ சொன்னார்.

"என்ன? கேட்கலை" என்றார் இயக்குநர்.

மறுபடி சொன்னார். அப்போதும் யாருக்கும் கேட்கவில்லை.

"சத்தமாச் சொல்லுங்கய்யா. இல்லைன்னா கரடிக் குரல்லயே சொல்லிடுங்க!" என்றார் பாட்டுக்காரர். எல்லோரும் சிரித்தார்கள்.

அவருடைய வலது கை தானாகவே மேலே எழும்பப் பார்த்தது, கரடியைத் தேடுவது போல. அவர் அதை இடது கையால் பிடித்துக்கொண்டார். கையில் ஒன்றுமில்லாமல் இத்தனை பேர் நடுவில் அவர் நின்றதே இல்லை. துணி உருவிய மாதிரி இருந்தது.

"அன்னைக்கு அந்தச் சிவப்புச் செருப்புப் பொண்ணு முன்னாடி கையை எடுத்தது நான்" என்றார், அந்தக் கிழிந்த குரலில். "வலது பக்கத்துலேர்ந்து இழுப்பு எதுவும் வரலை. அக்கா கையை எடுக்கவே இல்லை. கரடி விழுந்ததுக்கு அப்புறமும் அவங்க கை அதுக்குள்ளதான் இருந்துச்சு. அந்தப் பொண்ணோட விரலைப் பிடிச்சுட்டுதான் இருந்துச்சு. நான் பார்த்தேன். பார்த்துட்டுப் பொய் சொன்னேன். நேத்தும் மேடம் முன்னாடி பேசாம நின்னேன். நேத்து நான் நடிக்கலை. நீங்க கைதட்டினது இந்தப் பொய்க்குத்தான்."

நேற்று மூக்கைச் சிந்திய கேமராக்காரர் இன்று அவர் பக்கமே பார்க்கவில்லை.

மேடம்தான் முதலில் பேசினார். "கோப்புல அந்த வரியை நான் என் கையால எழுதினேன். இவங்களை ஒரு வார்த்தை கேட்காம எழுதினேன்." எழுந்து வாசற்படிக்குப் போனார். அக்காவிடம் என்ன சொன்னார் என்று யாருக்கும் கேட்கவில்லை. மேடம் கும்பிட்டதும், அக்கா அந்தக் கையைப் பிடித்து இறக்கியதும் மட்டும் தெரிந்தது.

திரும்பி வந்த மேடத்தின் முகத்தில் ஈரமும் இருந்தது, கோபமும் இருந்தது. "அக்கா இன்னைக்கே கரடிக்குத் திரும்பி வர்றாங்க. நீங்க கதைப் பகுதி மட்டும் பண்ணுங்க. குழந்தைங்களோட பேசுற பகுதி ஆறு மாசத்துக்கு உங்களுக்குக் கிடையாது, முயலை வச்சு எடுத்துக்கிறோம். இனிமே உங்களை எப்படி நம்புறதுன்னு எனக்குத் தெரியலை."

"எனக்கும் தெரியலை மேடம்" என்றார் அவர். அது உண்மையாக இருந்தது.

அன்று மதியம் மேசைக்கடியில் இருவர் மட்டும். தோளோடு தோள். மேலே கரடி தலை தொங்கிக் காத்திருந்தது.

"அக்கா, என்னை மன்னிச்சிருங்க."

அக்கா கரடியின் கைக்குள் விரல்களைச் சரிசெய்துகொண்டாள். "கரடியை நேத்தே மன்னிச்சுட்டேன்" என்றாள். "உன் விஷயம் இன்னும் யோசிச்சுட்டு இருக்கேன்."

"யோசிங்கக்கா."

"பேத்தி கேட்டா என்ன சொல்லப் போறே?"

"சாரி சொல்லிடுச்சு, ஃப்ரெண்டு யோசிச்சுட்டு இருக்காங்கன்னு சொல்றேன்."

"ம். அதைச் சொல்லு. பொய் சொல்லாதே." அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "சரி, மூச்சை இழு."

இழுத்தார். பாதியில் உடைந்தது. மறுபடி இழுத்தார், மறுபடி உடைந்தது. மானிட்டரில் தொந்தியின் தோள் குலுங்கிக் குலுங்கி ஆடியது.

"கரடி ஏன் இருமுது?" என்று காதுக் கருவியில் இயக்குநர் கேட்டார்.

"ஒரு நிமிஷம் குடுங்க" என்றாள் அக்கா. "வாய்க்கு இன்னும் மூச்சு நிதானப்படலை."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அக்கா கையை மேலேயே வைத்துக்கொண்டு காத்திருந்தாள். காத்திருப்பது அவளுக்குப் பழக்கம்தான்.